டைப் அடிக்க வந்தவர் டைரக்டர் ஆனார்!

பழைய ஹாலிவுட் படம் என்றால் நடிகைகளின் பெயர் நாலைந்தாவது நமக்குச் சட்டென்று ஞாபகம் வரும். காதரின் ஹெப்பர்ன், ஜோன் கிராஃபோர்ட், கிளாரா போ, ரோஸலிண்ட் ரஸ்ஸல்... இந்த நால்வரையுமே 'இங்கே நில்லுங்கள், இப்படித் திரும்புங்கள்' என்று சொல்லி நடிக்க வைத்த ஒரு பெண்மணி இருந்தார். பெயர் டோரத்தி ஆர்ஸ்னர். 1930களில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களில் தொடர்ந்து படம் டைரக்ட் செய்த பெண் இவர் ஒருவர்தான். ஒருவர் என்றால் ஒரே ஒருவர்!

அதற்கு முன்னால் பெண் டைரக்டர்களே இல்லையா என்றால் அதுவும் இல்லை. ஊமைப்பட காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆலிஸ் கீ பிளாஷே, லோயிஸ் வெபர் போல சொந்தமாக ஸ்டூடியோ வைத்துப் படமெடுத்தவர்களும் உண்டு. சினிமா சின்ன வியாபாரமாக இருந்த வரைக்கும் யார் எடுத்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். பாங்குப் பணம் வந்து, பேசும் படம் வந்து, லட்சம் லட்சமாய் டாலர் புரள ஆரம்பித்ததும் டைரக்டர் நாற்காலி முழுக்க ஆண்களிடம் போய்விட்டது. (வீட்டில் சமையல் என்றால் அம்மா, அதுவே கல்யாணச் சமையல் என்றால் பரிசாரகர் வந்துவிடுகிறார் அல்லவா, அந்த மாதிரி!) அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகாமல் ஒருத்தர் மட்டும் எப்படி நின்றார் என்பதுதான் சுவாரசியமான விஷயம்.

ஆர்ஸ்னர் 1897 ஜனவரி 3-ம் தேதி ஸான்ஃபிரான்ஸிஸ்கோவில் பிறந்தார். வளர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸில். அப்பா அங்கே ஓட்டல் நடத்தினார். பக்கத்தில் நாடகக் கொட்டகை. சாப்பிட வருகிறவர்களில் பல பேர் சினிமாக்காரர்கள். சார்லி சாப்ளின்கூட வந்து போவாராம். சின்ன வயதிலிருந்து இவர்களையெல்லாம் பார்த்துப் பழகிவிட்டதால் சினிமா என்றால் வாயைப் பிளக்கிற வழக்கம் இவருக்கு இல்லை. உண்மையில் அவருடைய ஆசை டாக்டருக்குப் படிப்பதுதான். காலேஜில் சேர்ந்து இரண்டு வருஷம் படிக்கவும் செய்தார். ஒரு கோடை விடுமுறையில் ஒரு சர்ஜனிடம் போய் இருந்து பார்த்தபின், 'இது நமக்கு ஒத்து வராது' என்று விட்டுவிட்டார். முதல் உலகப் போர் சமயத்தில் ஆம்புலன்ஸ் படையில் தொண்டராகச் சேர்ந்தார். அங்கே இருந்த மேலதிகாரி மூலமாகத்தான் வில்லியம் டிமில் என்ற டைரக்டரின் அறிமுகம் கிடைத்தது. 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' எடுத்தாரே செஸில் டிமில், அவருடைய அண்ணன்.

அது 1919. இன்ஃபுளுயென்சா ஜுரம் ஊர் ஊராகச் சூறையாடிவிட்டுப் போயிருந்த நேரம். ஸ்டூடியோக்களில் ஆள் பற்றாக்குறை. 'எந்த வேலை வேண்டும்?' என்று டிமில் கேட்டார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. 'சரி, ஒரு வாரம் ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வா' என்று அனுப்பினார். சுற்றிப் பார்த்தார். ஆளுக்கு ஒரு வேலையாக எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் மற்ற எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் இருப்பதென்றால் அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் போட்டுக்கொண்டாராம் ஆர்ஸ்னர். ஆனால் திரும்பி வந்து கேட்டது என்ன தெரியுமோ? கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஸ்கிரிப்ட் டைப் அடிக்கிற வேலை கொடுங்கள் என்பதுதான்!

டைப் அடிக்கிற வேலையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வருகிற கதையெல்லாம் நம் கண் வழியாகத்தான் போயாக வேண்டும். எது நிற்கும், எது படுத்துவிடும் என்று தெரிந்துவிடும். சீக்கிரமே அவரைப் படப்பிடிப்பில் குறிப்பெடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். கதாநாயகன் போன ஷாட்டில் எந்தக் கையில் தொப்பி வைத்திருந்தான், கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று பார்த்து எழுதிக்கொள்கிற வேலை. நம் வீட்டுப் பெண்களுக்குப் பிறவியிலேயே வருகிற கலை என்றுதான் சொல்ல வேண்டும். எந்த டப்பா எங்கே இருந்தது, யார் எடுத்து இடம் மாற்றினார்கள் என்று சொல்லிவிடுகிறோமே!

அங்கிருந்து அடுத்த படி எடிட்டிங் அறை. அந்தக் காலத்தில் ஃபிலிம் வெட்டி ஒட்டுவதைப் பெரிய வேலையாக யாரும் நினைக்கவில்லை. தையல் வேலை மாதிரி பொறுமையாக உட்கார்ந்து செய்கிற காரியம் என்று நிறையப் பெண்களைப் போட்டிருந்தார்கள். 'மூவியோலா' என்ற மெஷின் 1924ல்தான் வந்தது. அதுவரை ஃபிலிமைக் கையில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டி, பசை தடவி ஒட்ட வேண்டும். பாரமவுண்ட் கம்பெனியின் கிளையான ரியலார்ட் ஸ்டூடியோவில் தலைமை எடிட்டராக அவர் இப்படி வெட்டி ஒட்டிய படங்கள் ஐம்பதுக்கு மேல் என்று கணக்கு. ஐம்பது படம் எடிட் செய்கிறவளுக்கு ஐம்பது டைரக்டர்களின் தப்பும் சாமர்த்தியமும் தெரிந்துபோகும். எங்கே ஒரு ஷாட் குறைகிறது, எங்கே வளவளவென்று நீள்கிறது என்பதெல்லாம் கை அறியும். அவருக்குப் பள்ளிக்கூடம் அதுதான்.

1922ல் ஒரு சோதனை வந்தது. ருடால்ஃப் வாலன்டினோ அப்போது பெண்களையெல்லாம் பைத்தியமாக அடித்துக்கொண்டிருந்த நடிகர். அவர் காளைச் சண்டை வீரனாக நடித்த 'பிளட் அண்ட் ஸாண்ட்' படம். நிஜமான காளைச் சண்டைக் காட்சியை எடுப்பதென்றால் செலவும் ஆபத்தும் கொஞ்சநஞ்சமல்ல. ஆர்ஸ்னர் என்ன செய்தார் என்றால், ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த நிஜக் காளைச் சண்டை ஃபிலிமைத் தேடிப் பிடித்தார். வாலன்டினோவின் முகத்தை மட்டும் கிட்டத்தில் சில ஷாட்கள் எடுத்துக்கொண்டார். இரண்டையும் கலந்து வெட்டி ஒட்டினார். திரையில் பார்த்தால் வாலன்டினோவே காளையோடு மல்லுக்கட்டுகிற மாதிரி! பணம் போட்ட முதலாளிகளுக்குச் சந்தோஷம் சொல்லி முடியாது. பழைய புடவையில் குழந்தைக்குப் பாவாடை தைத்து, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று நாலு பேர் கேட்கும்படி செய்கிற சாமர்த்தியம்தானே இது?

ஜேம்ஸ் குரூஸ் என்ற டைரக்டர் இதைப் பார்த்துவிட்டு இவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய பிரசித்தி பெற்ற 'கவர்டு வேகன்' படத்தின் எடிட்டிங் ஆர்ஸ்னர்தான். கதை வசனப் பக்கமும் கை வைத்தார். இப்படியே ஏழு வருஷம் போயிற்று. எல்லாரும் 'கெட்டிக்காரி' என்று சொன்னார்களே தவிர, டைரக்டர் நாற்காலியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

1926 கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அப்போது சின்னக் கம்பெனியாக இருந்த கொலம்பியா, கதையும் எழுதி டைரக்டும் செய்ய வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தது. பாரமவுண்ட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளப் போனார். பெரிய மனிதர் யாரிடமாவது சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வால்டர் வேங்கர் என்ற மேலதிகாரி அறைக்குள் போய்விட்டார். அவர் பதறிப்போய் ஸ்டூடியோ தலைவர் ஷுல்பர்க்கைக் கூப்பிட்டார். போகாதீர்கள், கதை இலாகாவில் இருங்கள், டைரக்ஷனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று இழுத்தார்கள். 'பிறகு யோசிக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? ஆர்ஸ்னர் அசையவில்லை. இரண்டு வாரத்துக்குள் முதல் தரப் படம் ஒன்றில் டைரக்டராக நிற்க வேண்டும். முடியாதென்றால் சின்னக் கம்பெனியில் எனக்கு இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்கிறேன் என்றார். குரலை உயர்த்திச் சண்டை போடவில்லை. போவதற்கு வேறு இடம் இருந்தது, கையில் தொழில் இருந்தது, அந்தத் தைரியம்! ஒரு ஃபிரெஞ்சு நாடகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். 'ஃபாஷன்ஸ் ஃபார் விமன்' என்ற பெயரில் 1927ல் படம் வந்து நன்றாக ஓடியது.

அதற்கப்புறம் 1943 வரை 16 படங்கள். எல்லாவற்றையும் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. பேசும் படம் வந்த கதை ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 1929ல் 'வைல்ட் பார்ட்டி' என்ற படம். கிளாரா போவுக்கு முதல் பேசும் படம். அந்தப் பெண் ஊமைப்படத்தில் துள்ளிக் குதித்து ஓடி நடித்துப் பழகியவர். மைக்கோ பூ ஜாடியிலும் மேஜை விளக்கிலும் ஒளித்து வைத்த நகராத வஸ்து. வசனம் பேச வேண்டுமானால் ஜாடிக்குப் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். பாவம், நடிகை நடுங்கிப் போனார். ஆர்ஸ்னர் ஒரு தூண்டில் கழியைக் கொண்டுவரச் சொல்லி, அதன் நுனியில் மைக்கைக் கட்டி, நடிகையின் தலைக்கு மேலே கூடவே பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். இன்றைக்கும் படப்பிடிப்பில் நீளக் கழியில் மைக் தொங்குகிறதே, அதை முதலில் செய்து பார்த்தவர் இவர்தான் என்று சினிமா சரித்திரக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். வேறு சிலரும் அதே சமயம் முயன்றிருக்கிறார்கள். ஆர்ஸ்னர் அதற்குப் பேடன்ட் எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டூடியோக்காரர்கள் அவருக்குக் கொடுத்ததெல்லாம் 'பொம்மனாட்டி சமாசாரம்' என்று அவர்கள் நினைத்த கதைகள். காதல், கல்யாணம், குழந்தை, கண்ணீர். அவர் மறுக்கவில்லை. 'ஸாரா அண்ட் ஸன்' (1930) கதையில் ஒரு கணவன் பெற்ற குழந்தையையே பணக்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறான். அம்மா பாட்டுக் கற்றுப் பெரிய பாடகியாகி, பிள்ளையைத் தேடிக்கொண்டு வருகிறாள். அம்மாவாக நடித்த ரூத் சாட்டர்டனின் பெயர் ஆஸ்கர் பரிசுக்குப் போயிற்று. 'கிறிஸ்டோஃபர் ஸ்ட்ராங்' (1933) படத்தில் காதரின் ஹெப்பர்ன் விமானம் ஓட்டுகிற பெண். கல்யாணமானவரிடம் மனதைக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறாள். இதில் கவனிக்க வேண்டியது, அந்த மனிதரின் மனைவியையும் ஆர்ஸ்னர் ஏளனமாகக் காட்டவில்லை என்பதே. இரண்டு பெண்களின் வலியும் நமக்குப் புரியும்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகத் தோன்றுவது 1936ல் கொலம்பியாவுக்காக எடுத்த 'கிரெய்க்ஸ் வொய்ஃப்'. புலிட்ஸர் பரிசு பெற்ற ஒரு நாடகம். எழுதியவர் ஜார்ஜ் கெல்லி. ஆர்ஸ்னருக்குத் திரைக்கதை எழுதிக் கொடுத்தவர் மேரி மெக்கால், எடிட்டர் வயோலா லாரன்ஸ். அன்றைக்கு இத்தனை பெண்கள் ஒரு படத்தில் முக்கியமான வேலைகளில் இருந்தது அபூர்வம். கதை என்ன? ஹாரியட் கிரெய்க் என்று ஒரு குடும்பத் தலைவி. வீடு என்றால் உயிர். கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பாள். அலங்காரத் தட்டில் இருக்கிற ஜாடி கொஞ்சம் நகர்ந்திருந்தால்கூட வேலைக்காரி தொலைந்தாள். புருஷன் ஹாலில் சிகரெட் பிடிக்கக் கூடாது. அவன் சிநேகிதர்கள் வரக் கூடாது. அடுத்த வீட்டு அம்மாள் ரோஜாப் பூ கொண்டு வந்தால், இதழ் உதிர்ந்து குப்பையாகுமே என்ற கவலை!

நாடகம் பார்த்தவர்கள் இவளை ராட்சஸி என்றுதான் எண்ணினார்கள். படத்தில் ரோஸலிண்ட் ரஸ்ஸல் நடித்தார். அப்போது அவர் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. ஆர்ஸ்னர் அவளை ராட்சஸியாக மட்டும் விட்டுவிடவில்லை. ஹாரியட்டின் அம்மாவை அவள் அப்பா இன்னொரு பெண்ணுக்காக நடுத்தெருவில் விட்டவர். அந்த அம்மா மனமுடைந்தே செத்தாள். அதைப் பார்த்து வளர்ந்த பெண், ஆம்பிளையின் அன்பு நிலையில்லை, சுவர்தான் நிலை என்று முடிவு செய்துவிட்டாள். சொந்தச் சம்பாத்தியம் இல்லாதவளுக்கு நாலு சுவரைத் தவிரப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? படத்தில் ஒரு கட்டத்தில் புருஷனுக்கு உண்மை விளங்குகிறது. அந்த ஜாடியை எடுத்து வேண்டுமென்றே உடைக்கிறான். ஹாலிலேயே உட்கார்ந்து சிகரெட் பற்ற வைக்கிறான். பிறகு ஒவ்வொருவராக வீட்டை விட்டுப் போகிறார்கள். அத்தை, வேலைக்காரர்கள், கடைசியில் புருஷனும். அந்த நேரம் பார்த்து ஹாரியட்டின் அக்கா இறந்த தந்தி வருகிறது. அதே அடுத்த வீட்டு அம்மாள் மறுபடி ரோஜாப் பூவோடு வருகிறாள். இந்தத் தடவை ஹாரியட் வாங்கிக்கொள்கிறாள். நன்றி சொல்லத் திரும்பினால் அந்த அம்மாளும் போய்விட்டிருக்கிறாள்.

பளபளவென்று துடைத்த அந்தப் பெரிய வீட்டில் அவள் மட்டும் நிற்கிற காட்சியைப் பார்த்து, 'நன்றாக வேண்டும்' என்று என்னால் நினைக்க முடியவில்லை. தொண்டையை அடைத்தது. இதே கதையை 1950ல் ஜோன் கிராஃபோர்டை வைத்து ஆண் டைரக்டர் ஒருவர் எடுத்தார். அதில் இந்த இரக்கம் எனக்குத் தென்படவில்லை.

1940ல் 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்'. வேறொருவர் ஆரம்பித்துக் குழம்பிப்போன படத்தை ஆர்ஸ்னரிடம் தள்ளினார்கள். நடனக் குழுத் தலைவராகக் கதையில் ஓர் ஆண் இருந்தார். அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றினார். மேடையில் ஆடுகிற ஏழைப் பெண்ணைக் கூட்டம் கேலி செய்து கூச்சலிடுகிறது. அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு முன்னால் வந்து, காசு கொடுத்து எங்களை முறைக்க வந்த உங்களை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று விளாசித் தள்ளுகிறாள். அந்தக் காலத்தில் படம் ஓடவில்லை, நஷ்டம். 2007ல் அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதை எடிட் செய்தவர் ராபர்ட் வைஸ். பின்னாளில் 'சவுண்ட் ஆஃப் மியூஸிக்' எடுத்தவர்.

கடைசிப் படம் 1943ல் வந்த 'ஃபர்ஸ்ட் கம்ஸ் கரேஜ்'. யுத்தக் கதை. கதாநாயகி மெர்ல் ஓபரான், நம் பம்பாயில் பிறந்தவர். சினிமாவுக்காக அதை மறைத்து வாழ்ந்தார் என்பது தனிக் கதை. படம் முடியும் தறுவாயில் ஆர்ஸ்னர் நிமோனியாவில் படுத்துவிட்டார். பென்சிலின் அப்போது பெரும்பாலும் ராணுவத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவில் பொது ஜனங்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது 1945ல்தான். நிமோனியா என்றால் மாதக்கணக்கில் கிடக்க வேண்டிய வியாதி. மிச்சத்தை சார்லஸ் விடோர் என்பவர் எடுத்து முடித்தார். ஆர்ஸ்னருக்கு 46 வயது. எழுந்து வந்தபின் அவர் ஸ்டூடியோ படம் எதுவும் எடுக்கவில்லை. டைரக்டருக்கு அது ஒரு வயதே இல்லை. அந்த இடத்தில் இன்னொரு பெண்ணையும் ஸ்டூடியோக்கள் உட்கார வைக்கவில்லை. 1949ல் ஐடா லூபினோ வந்தார். அவரும் சொந்தக் கம்பெனி வைத்துத்தான் டைரக்ட் செய்ய வேண்டியிருந்தது.

சும்மா இருக்கவில்லை ஆர்ஸ்னர். யுத்தத்தின்போது ராணுவத்தில் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சிப் படங்கள் எடுத்தார். ஜோன் கிராஃபோர்டின் கணவர் பெப்ஸி கம்பெனித் தலைவராக இருந்ததால், அந்தப் பானத்துக்கு டெலிவிஷன் விளம்பரங்கள் எடுத்துக் கொடுத்தார். 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் யூனிவர்சிட்டியில் சினிமா வகுப்பு நடத்தினார். பசியோடு வருகிற பிள்ளைகளுக்கு வகுப்புக்கு பிஸ்கட் கொண்டுவருவாராம். கையில் காசில்லாமல், படிப்பை விட்டுவிடலாமா என்று சோர்ந்திருந்த ஒரு பையனிடம், நீ முன்னுக்கு வந்துவிடுவாய் என்று சொல்லித் தேற்றினார். அந்தப் பையன்தான் 'காட்ஃபாதர்' எடுத்த ஃபிரான்ஸிஸ் ஃபோர்டு கொப்போலா. இதையெல்லாம் சொன்னவரும் கொப்போலாவே.

நடன அமைப்பாளர் மேரியன் மார்கன்தான் ஆர்ஸ்னரின் வாழ்க்கைத் துணை. 1971ல் மார்கன் இறக்கும் வரை சுமார் நாற்பது வருஷம் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1975ல் டைரக்டர்கள் சங்கம் ஆர்ஸ்னருக்குப் பாராட்டு விழா எடுத்தது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். 1979 அக்டோபர் 1-ம் தேதி காலமானார். 2018ல் பாரமவுண்ட் ஸ்டூடியோ தன் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தபோது கொப்போலாவும் வந்திருந்தார்.

இரண்டு வாரக் கெடு வைத்துச் சண்டையில்லாமல் வாங்கிய அந்த முதல் படம் இன்று எங்குமே இல்லை, ஃபிலிம் அழிந்துபோய்விட்டது. இன்னும் சில ஊமைப்படங்களுக்கும் அதே கதிதான். பேசும் படங்கள் பெரும்பாலும் தப்பித்துவிட்டன. பார்க்கக் கிடைத்தால் 'கிரெய்க்ஸ் வொய்ஃப்' முதலில் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். சாப்பாட்டுக் கடை முடிந்து, குழந்தை தூங்கியபின் பார்த்துவிடலாம். 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்' வயது வந்த பெண் இருக்கிற வீடுகளில் அம்மாவும் பெண்ணுமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். அப்பாவையும் கூப்பிடுங்கள்!